வனிலா அறையில் ஆறு ஊமைகள்

கதவு சாத்திய சத்தம் அப்படியொன்றும் பெரிதாக இல்லை. 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். அதற்குப் பின்னால் இரும்புத் தாழ்ப்பாள் சறுக்கிப் போய் விழுந்த சத்தம். இந்த இரண்டாவது சத்தம்தான் நிஷாந்தியைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

"காத்தா ஈக்கும் மிஸ்," என்றான் அவள் உதவியாளன் ஹபீல்.

"காத்து தாழ்ப்பாள் போடுமா?"

"கட்டுகஸ்தோட்டைக் காத்து. அது படிச்ச காத்து."

நிஷாந்தி சிரிக்கவில்லை. கண்டியில் நாலு மாடிக் கட்டடமானாலும் லிஃப்டில் ஏறாமல் படியில் மூச்சு வாங்க ஏறுகிறவள் அவள். துப்பறிகிறவளுக்குப் பேயும் ரௌடியும் பயமில்லை, பூட்டிய அறைதான் பயம் என்றால் யார் நம்புவார்கள்? அதனால் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. ஹபீலிடம் மட்டும் சொல்லவேண்டிய அவசியம் வந்ததில்லை. அவனே கண்டுபிடித்துவிட்டான்.

அவள் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தோளால் இடித்தாள். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை, தோள்தான் வலித்தது.

அது சாதாரணக் கதவில்லை. கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில், மகாவலிப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருந்தது தியாகராஜாவின் வாசனைச் சரக்குக் கிடங்கு. மிளகு, ஏலம், கராம்பு, சாதிக்காய், மஞ்சள் எல்லாம் அங்கே வெளிக்கூடத்தில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். வனிலாவுக்கு மட்டும் தனி அறை. தங்கம் விற்கிற விலைக்குப் பக்கத்தில் நிற்கிற சரக்கு அல்லவா? ஈரம் படக்கூடாது, வாசனை வெளியே போகக்கூடாது என்று ஜன்னலே வைக்காமல் கட்டியிருந்தார். சுவர் முழுக்க ரெஜிபோம், அதாவது வெள்ளை நுரை அட்டை. கதவின் விளிம்பெல்லாம் தடித்த ரப்பர். ஏசிக் குழாய் வெளியே போகிற இடத்தில் கூரையோரமாக விரல் நுழைகிற ஓட்டை ஒன்று, அவ்வளவுதான்.

கைத்தொலைபேசிகள்? அவை கதவுக்கு வெளியே ஒரு பிரம்புக் கூடையில் இருந்தன. சரக்கைப் படம் பிடித்துக்கொண்டு போய் விலையைக் குறைத்துப் பேசுகிற தரகர்களுக்குப் பயந்து தியாகராஜா போட்ட சட்டம் அது. உள்ளே போகிறவர் யாரானாலும் போனைக் கூடையில் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

"சட்டத்தை மதிச்சதுக்கு நல்ல பலன்," என்றாள் நிஷாந்தி.

இருவரும் கதவைத் தட்டினார்கள். குத்தினார்கள். ஹபீல் உதைத்தும் பார்த்தான். வெளியே மஞ்சள் அரைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ரெஜிபோம் அவர்கள் போட்ட சத்தத்தையெல்லாம் விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடவில்லை.

"யார் பூட்டியிருப்பாங்க மிஸ்?"

"நம்மள உள்ள கூட்டிட்டு வந்தது யாரு?"

"தியாகராஜா ஐயா."

"சாவி யார் கையில?"

"ஐயா கையில."

"போன் வருதுன்னு சொல்லி நம்மள விட்டுட்டுப் போனது?"

"ஐயாதான். அப்ப கேஸ் முடிஞ்சுது. வீட்டுக்குப் போவமா?"

கேஸ் இதுதான். ஆயுத பூசை நடந்த மறுநாள் காலை இந்த அறையின் பூட்டு உடைந்து கிடந்தது. வனிலாப் பெட்டிகளில் பாதியைக் காணவில்லை. முதல்நாள் இரவு கிடங்கில் இருந்தவர்கள் இரண்டே பேர். வாசல் காவலாளி ஜனகன் ஒருவன். மேற்பார்வையாளன் சதீஸ் மற்றவன். சதீஸ் பொலிஸில் சொன்னது: "ராத்திரி முழுக்க ரேடியோவுல கூப்பிட்டேன், ஜனகன் பதிலே சொல்லல. ஆள் வாசல்ல இல்ல." ஜனகன் சொன்னது: "நான் வாசல்லதான் இருந்தேன். என் ரேடியோ செத்துப் போச்சு."

கிடங்கில் வாக்கிடாக்கியை ரேடியோ என்றுதான் சொல்வார்கள். ஒரே மாதிரி ரேடியோ ஏழு. சதீஸுடையது ராத்திரி முழுக்க வேலை செய்திருக்கிறது, உன்னுடையது மட்டும் எப்படிச் செத்தது என்று கேட்டால் 'தெரியாது' என்றான் ஜனகன். அவனைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். அவன் மனைவி மதுஷா, கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் தையல் கடையில் வேலை செய்கிறவள், நிஷாந்தியின் அலுவலகத்துக்கு வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்தாள். "அவரு சொன்னது உண்மையா பொய்யான்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க மேடம்."

நாளைக்கு ஜனகனைக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள். அதற்குள் கண்டுபிடிக்கவேண்டும். அதற்காகத்தான் இந்த அறைக்குள் தலையைக் கொடுத்தாள் நிஷாந்தி.

"இன்சூரன்ஸ்," என்றாள் அவள், அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி. "சரக்கை அவரே மறைச்சு வச்சிட்டு, காணாமப் போச்சுன்னு காசு வாங்கப் பாக்குறாரு. நாம மோப்பம் பிடிச்சதும் உள்ள போட்டுட்டாரு."

"மிஸ், கொஞ்சம் நில்லுங்க. நீங்க நடக்குற நடையில ஈக்கிற காத்தெல்லாம் தீந்து போயிடும்."

அவள் டக்கென்று நின்றாள். அப்போதுதான் அலுமாரிக்குப் பக்கத்து மேசையைப் பார்த்தாள். கறுப்பு நிறத்தில் ஒரு நீளமான சார்ஜர். அதில் ஆறு குழி. ஒவ்வொரு குழியிலும் ஒரு ரேடியோ நின்றது. ஆறு சிவப்பு விளக்கும் விட்டுவிட்டு மின்னின.

"ஹபீல்!"

"பாத்துட்டேன் மிஸ்! ஆறு ரேடியோ! ஒண்ணு போதும், ஊரையே கூப்பிடலாம்!"

அவன் பாய்ந்து போய் ஒன்றை எடுத்து மேலேயுள்ள குமிழைத் திருகினான். சத்தமில்லை. இரண்டாவதையும் திருகினான். மூன்றாவதைத் திருகிவிட்டுக் காதில் வைத்துப் பார்த்தான். ஆறாவதைத் திருகி முடித்தபோது அவன் முகம் சுருங்கிவிட்டது.

"ஆறும் ஊமை," என்றான்.

நிஷாந்தி ஆறையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு ரேடியோகூட இல்லாமல் மாட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை போலிருந்தது. ஆறு இருந்தும் இந்த நிலைமையா?

"அந்த ஐயா சொன்னாரே," என்று அவள் ஞாபகப்படுத்திக்கொண்டாள். "மஞ்சள் தூசி போய் ரேடியோவெல்லாம் கெட்டுப் போச்சு, சார்ஜே ஏறுதில்ல, அதனாலதான் சார்ஜரைத் தூசியில்லாத இந்த ரூமுக்கு மாத்திட்டோம்னு. உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. பாரு."

ஹபீல் முன்பு கண்டி டவுனில் ஒரு போன் திருத்துகிற கடையில் வேலை செய்தவன். ஒரு பெண் கொண்டுவந்த போனில் 'ஸ்பீக்கர் பழுது' என்று பிரித்துப் பிரித்துப் பார்த்து, கடைசியில் அவள் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாள் என்று கண்டுபிடிப்பதற்குள் போனையே உடைத்துவிட்டான். அத்தோடு அந்த வேலை போயிற்று. ஆனாலும் இப்போது இந்த அறையில் அவனைவிட்டால் வேறு நிபுணர் இல்லை.

"முதல்ல பிளக்," என்றான். சுவரிலிருந்து கழற்றி மாட்டினான். விளக்குகள் ஒருமுறை அணைந்து மீண்டும் மின்னின. "சார்ஜர் உசிரோடதான் ஈக்கி."

"சரி. அடுத்தது?"

"குழி மாத்திப் பாக்கணும். ஒரு குழி பழுதுன்னா மத்தக் குழியில ஏறும்." மாற்றிப் பார்த்தான். மின்னிக்கொண்டேயிருந்தது. "குழி பழுதில்ல."

"பேட்டரி?"

"பேட்டரி பழுதுன்னா ஒண்ணு பழுதாகும், ரெண்டு பழுதாகும். ஆறு பேட்டரியும் சொல்லி வச்ச மாதிரி ஒரே நாள்ல சாகுமா? எங்க குடும்பத்துல கல்யாணத்துக்குக்கூட ஆறு பேர் சேர்ந்து வந்ததில்ல." அவன் ஒரு பேட்டரியைக் கழற்றித் திரும்ப அமுக்கி மாட்டினான். "சரியாவும் உக்காந்தீக்கி. இந்த மின்னுறதுக்கு அர்த்தம் என்னன்னா, ரேடியோ வந்துட்டுன்னு சார்ஜருக்குத் தெரியுது, ஆனா கரண்ட் போகமாட்டேங்குது. சாப்பாட்டு மேசையில உக்கார வச்சாச்சு, வாயத் தொறக்க மாட்டேங்குறான்."

அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு லொறி எஞ்சின் உறுமியது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வரும்போது அந்த லொறியைப் பார்த்திருந்தார்கள். பூசைக்குப் பிறகு கொழும்புக்குப் போகிற முதல் லொறி. ஆட்கள் கராம்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சதீஸ் இடுப்பில் ரேடியோவைச் சொருகிக்கொண்டு, அது 'கிர்ர் கிர்ர்' என்று இரைய, பெரிய மனிதன் மாதிரிக் கையை ஆட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்தான். மரியாதைக்குக் குறைவில்லை. "வாங்க மேடம், என்ன வேணும்னாலும் கேளுங்க," என்றான். பூசை அன்று என்ன செய்தாய் என்று கேட்டதற்கும் பதில் தயாராக வைத்திருந்தான். "ஏழு ரேடியோவையும் நான்தான் மேடம் சாமி முன்னால வரிசையா வச்சேன். பூசை முடியிற வரைக்கும் ஐயர் பக்கத்துல இருந்து நகரல."

"பேட்டரியத் திருப்பு," என்றாள் நிஷாந்தி. "பின்பக்கம் என்ன அது?"

ஹபீல் திருப்பினான். இடுப்பில் மாட்டுகிற கிளிப்புக்குக் கீழே, பேட்டரியின் அடியோரத்தில், சின்னதாக மூன்று செப்புச் சதுரங்கள். சார்ஜர் குழியிலுள்ள ஊசிகள் வந்து தொடுகிற இடம் அது. மூன்றும் தெரியவில்லை. மேலே மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது.

"ஐயா சொன்னது சரிதான். மஞ்சள் தூசி." ஹபீல் ஊதினான். போகவில்லை. சட்டை நுனியால் துடைத்தான். போகவில்லை.

நிஷாந்தி அதை வாங்கி, கொண்டையிலிருந்த ஊசியை உருவி மெதுவாகக் கீறினாள். அது தூளாக உதிரவில்லை. காய்ந்த சுண்ணாம்பு போலப் பொருக்காகப் பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மஞ்சளுக்கு நடுவில் ஒரு புள்ளி. சிவப்பு.

"அடுத்ததக் காட்டு."

அதிலும் அதே இடம், அதே பொருக்கு, அதே சிவப்பு. மூன்றாவதிலும் நாலாவதிலும் அதேதான். ஆறும் பார்த்து முடித்தபோது, பூட்டிய அறைக்குள் இருக்கிறோம் என்பதே அவளுக்கு ஒரு நிமிடம் மறந்துவிட்டது.

"ஹபீல், தூசி வந்து ஆறு ரேடியோவுலயும் அளந்து வச்ச மாதிரி ஒரே இடத்துலயா படியும்? அதுவும் நடுவுல சிவப்புப் புள்ளியோட?"

"அப்ப இது என்ன?"

"சந்தனம். நடுவுல குங்குமம்."

ஹபீல் வாயைப் பிளந்தான்.

"ஆயுத பூசைக்கு நாங்க வேலை செய்யிற சாமான் எல்லாத்தையும் சாமி முன்னால வச்சுப் பொட்டு வைப்போம். வெளிய தராசப் பாத்தியா? மெஷினப் பாத்தியா? எல்லாத்துலயும் பொட்டு. ரேடியோவையும் வச்சிருக்காங்க. பின்னால கிளிப் இருக்கிறதால மல்லாக்க வச்சா ஆடும். அதனால குப்புற வச்சிருக்காங்க. குப்புற வச்சா மேல தெரியிறது முதுகு. முதுகுல பளபளன்னு மூணு சதுரம். பொட்டு வைக்கன்னே செஞ்ச இடம் மாதிரி இருந்திருக்கு, நல்லாக் குழைச்ச சந்தனத்த அப்பியிருக்காங்க. இடுப்புல சொருகினதுக்கப்புறம் முதுகை யார் பாக்குறா?"

"அதனால சார்ஜ் ஏறல!" ஹபீல் தலையில் அடித்துக்கொண்டான். "சாமிக்குக் காட்டின பக்தி சார்ஜருக்குப் புரியல."

"அப்புறம் பேசு. முதல்ல சுரண்டு."

ஊசியால் அவள் சுரண்டினாள். அவன் துடைத்தான். கடைசியில் அவள் தன் ஷாலின் நுனியை நாக்கில் நனைத்து அழுத்தித் தேய்த்தாள். செம்பு பளிச்சென்று வந்தது. ரேடியோவைக் குழியில் இறக்கினான் ஹபீல்.

விளக்கு இரண்டு முறை மின்னியது. பிறகு மின்னாமல் நின்று எரிந்தது.

"ஏறுது மிஸ்! சாப்பிடத் தொடங்கிட்டான்!"

நிஷாந்திக்குக் கண் கலங்கியது. அவள் மதுஷாவை நினைத்தாள். 'என் ரேடியோ செத்துப் போச்சு.' ஜனகன் சொன்னது உண்மை. பூசை முடிந்த பிறகு சார்ஜரில் போட்டு, சார்ஜ் ஏறியிருக்கும் என்று நம்பி எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றிருக்கிறான். ரேடியோ அவன் கையிலேயே செத்திருக்கிறது. இந்தச் சந்தனப் பொருக்குதான் சாட்சி.

சந்தோஷம் அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை. வேறொரு கேள்வி வந்து குத்தியது.

"ஹபீல்... அன்னைக்கு ராத்திரி சதீஸ் எப்படிக் கூப்பிட்டான்?"

"ரேடியோவுலதான்."

"ஏழு ரேடியோவையும் வரிசையா சாமி முன்னால வச்சேன்னு சொன்னான். ஏழுக்கும் பொட்டு வச்சிருந்தா, அவனுடையதும் அன்னைக்கு ராத்திரி செத்திருக்கணுமே? இன்னைக்கு வரைக்கும் அவன் இடுப்புல மட்டும் எப்படி அது கிர்ர்ங்குது?"

"அவன் தொடச்சிருப்பான்."

"தொடச்சா சரியாகும்னு தெரிஞ்சவன், முதலாளி சார்ஜரத் தூக்கிட்டு வந்து இந்த ரூமுல வைக்கிற வரைக்கும் வாயத் திறக்காம இருப்பானா? சின்ன விசயத்துக்கே மார் தட்டுற ஆளு அவன். இதச் சொல்லிச் சம்பளமே கூட்டிக் கேட்டிருப்பான்." அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அவன் ரேடியோ பூசைக்கே வரல. ரேடியோ வரலைன்னா அவனும் வரல. எல்லாரும் முன்கூடத்துல கைகூப்பிக்கிட்டு நின்ன நேரத்துல, இங்க நின்னு பூட்ட உடைச்சிருக்கான். ராத்திரித் திருட்டுங்கிறதே கட்டுக்கதை. அந்தக் கதைக்கு ஒரு ஆள் வேணும். ஜனகன் கிடைச்சான்."

"அப்ப நம்மளப் பூட்டினது ஐயா இல்லியா?"

"இல்ல. பூட்டைத் திறந்து கொண்டியில தொங்கவிட்டுட்டுப் போனாரு பாவம். தாழ்ப்பாள இழுத்துப் போட சதீஸுக்குச் சாவி எதுக்கு?" கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அந்த மனிதரைத் திருடன் என்று தீர்ப்பெழுதியதை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"சரக்கு எங்க மிஸ்?"

"பூசை நேரம் வாசல் கேட் பூட்டியிருந்திச்சுன்னு ஐயாவே சொன்னாரு. ராத்திரி ஜனகன் வாசல்ல இருந்தான். அவன் சொல்றது உண்மைன்னு ஆயிட்டுது. அப்ப சரக்கு வெளிய போகல. இங்கதான் எங்கயோ இருக்கு. வனிலா எங்க ஒளிச்சாலும் வாசனை காட்டிக் குடுத்துடும். அதையே அமுக்குற வாசனை எதுக்கு இருக்கு?"

ஹபீல் சுவரைப் பார்த்தான். சுவருக்கு அந்தப் பக்கம் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. "கராம்புக்கு," என்றான் மெதுவாக.

லொறி போய்விட்டால் வனிலாவும் போய்விடும். வனிலா போனால் சந்தனப் பொருக்கை யார் மதிப்பார்கள்? சதீஸ் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, 'நான் தொடச்சேன்' என்று சொல்லிவிட்டுப் போவான். ஜனகன் உள்ளேயே கிடப்பான்.

"எடு ரேடியோவ. கூப்பிடு."

"யாரை?" என்றான் ஹபீல்.

"யாரையாவது!"

"மிஸ், ரேடியோ ஏழு. ஆறு இங்க ஈக்கி. நாம பேசினா கேக்கிறதுக்கு வெளிய ஒரே ஒரு ரேடியோதான் ஈக்கி."

அது யார் இடுப்பில் இருக்கிறது என்று அவன் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையுமில்லை. நிஷாந்தி அப்படியே வனிலாப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள். பேச வழி கிடைத்தும் கேட்கிறவன் திருடன். இதைவிடப் பெரிய பூட்டை எந்தக் கடையிலும் விற்க மாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து விளக்கு அணைந்தது.

ஏசி நின்றது. மஞ்சள் மெஷின் இரைச்சல் இழுத்து இழுத்து ஓய்ந்தது. சார்ஜரின் சிவப்பும் போனது. கிடங்கின் மெயின் சுவிட்சை யாரோ நிறுத்திவிட்டார்கள். அறைக்குள் கை எங்கே கால் எங்கே என்று தெரியாத இருட்டு.

நிஷாந்தியின் நெஞ்சுக்குள் யாரோ உட்கார்ந்து அமுக்குவது போலிருந்தது. வனிலா வாசனை இதுவரை இனிப்பாக இருந்தது, இப்போது குமட்டியது. இங்கேயே, இந்த இருட்டிலேயே மூச்சு முட்டிச் சாகப்போகிறேன் என்று நிச்சயமாக நினைத்தாள். அறிவு அப்படி இல்லையென்று சொன்னது, உடம்பு கேட்கவில்லை.

"மிஸ்," ஹபீலின் குரல் பக்கத்தில் கேட்டது. "என் கையப் பிடிச்சுக்கிங்க. வெளிய போனதும் எங்க உம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அவள் பிடித்துக்கொண்டாள்.

மற்றக் கையால் அவன் ரேடியோவைக் குழியிலிருந்து எடுத்துக் குமிழைத் திருகினான். 'கிளிக்.' சின்னப் பச்சைத் திரை எரிந்தது. சார்ஜ் காட்டுகிற கோடுகளில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் எரிவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"ஒரு வசனம் பேசலாம். ரெண்டாவதுக்கு உத்தரவாதம் இல்ல."

அவன் பெட்டிகள் மேல் தட்டுத்தடுமாறி ஏறி, குழாய் ஓட்டையில் வாயை வைத்துக் கத்திப் பார்த்தான். லொறி எஞ்சின் அதை விழுங்கிவிட்டது. பிறகு வாயை எடுத்துவிட்டுக் காதை வைத்தான்.

"மிஸ், மணி அடிக்கிறாங்க."

நிஷாந்திக்கும் கேட்டது. எஞ்சின் உறுமலுக்கு மேலே, மெல்லியதாக, வெண்கல மணி. சரக்கு லொறி தூரப்பயணம் புறப்படும் முன் சூடம் காட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது வழக்கம். முதலாளி கையால்தான் காட்டவேண்டும். மணி அடித்தால் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு வேலையாள் அத்தனை பேரும் வந்து சுற்றி நிற்கவேண்டும்.

அவள் எழுந்து நின்றாள். இப்போது தியாகராஜா சூடத்தட்டோடு லொறி முன்னால் நிற்கிறார். மேற்பார்வையாளன் எங்கே நிற்பான்? முதலாளிக்குப் பக்கத்தில். பக்தியாக, கைகட்டி. இடுப்பில் ரேடியோ. ரேடியோவில் பெரிய ஸ்பீக்கர்.

"ரேடியோ சதீஸோடதா இருக்கலாம்," என்றாள். "காது எல்லாருக்கும் இருக்கே."

"அல்லாஹ்வே!" என்றான் ஹபீல். பெட்டியிலிருந்து குதித்து இறங்கி ரேடியோவை அவள் கையில் திணித்தான். "பேசுங்க! வனிலா ரூமுல பூட்டிக் கெடக்கிறோம், வந்து தொறங்கன்னு சொல்லுங்க!"

அவள் பொத்தானில் விரலை வைத்தாள். அமுக்கவில்லை.

முதல் சொல் விழுந்த உடனே சதீஸ் குமிழை மூடிவிடுவான். நாலு சொல் கேட்டால் அதிர்ஷ்டம். 'வனிலா அறையில் இருக்கிறோம்' என்றால் என்ன நடக்கும்? 'ஐயையோ, மேடம் மாட்டிக்கிட்டாங்களா, நான் போய்த் திறக்கிறேன்' என்று அவனே ஓடிவருவான். மெதுவாகத் திறப்பான். அதற்குள் லொறி பாலத்தைத் தாண்டிவிடும். 'லொறி' என்றால்? லொறி நிற்கும். ஆனால் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. இந்த இருட்டு இன்னும் எவ்வளவு நேரமோ.

அவள் உடம்பு முழுக்கக் கதவைத்தான் கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள், இருட்டில் அதனால் ஒரு வித்தியாசமும் இல்லையென்றாலும். பொத்தானை அமுக்கினாள்.

"ஐயா, லொறிய விடாதீங்க! கராம்பு மூட்டைக்குள்ள உங்க வனிலா! சதீ—"

திரை அணைந்தது. ரேடியோ செத்துவிட்டது.

வெளியே எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. மணி நின்றுவிட்டது. யாரும் கத்தவில்லை. எஞ்சின் சத்தம் ஒருமுறை உயர்ந்தது, கியர் விழுந்தது, லொறி அசைகிற சத்தம் சுவர் வழியாக வந்தது. நிஷாந்தி ஹபீலின் கையை நசுக்கிவிட்டாள். அவன் 'ஆ' என்றுகூடச் சொல்லவில்லை.

பிறகு எஞ்சின் நின்றது.

முதலில் ஒரு குரல். பிறகு பல குரல். யாரோ ஓடுகிற சத்தம், யாரையோ பிடிக்கிற சத்தம். அப்புறம் 'தொப்' என்று ஒரு மூட்டை கீழே விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று.

"லொறிய நிப்பாட்டிட்டீங்க மிஸ்," என்றான் ஹபீல். "இனி நம்மள யாராவது ஞாபகம் வச்சிருந்தாச் சரி."

ஞாபகம் வருவதற்கு வெகுநேரம் பிடித்தது. அந்த நேரம் முழுக்க நிஷாந்தி தரையில் உட்கார்ந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, அழுதாள். பயத்தில் கொஞ்சம், நிம்மதியில் கொஞ்சம். ஹபீல் அவளைக் கேலி செய்யாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

கடைசியில் தாழ்ப்பாள் இழுபட்டது. வெளிச்சம் முகத்தில் அடித்தது. தியாகராஜா நின்றார். ஒரு கையில் கராம்பு ஒட்டிய வனிலாக் கட்டு.

"நீங்க அப்பவே போயிட்டீங்கன்னு சதீஸ் சொன்னானேம்மா!" அவருக்குக் குரல் தழுதழுத்தது. "கூடையில ரெண்டு போனும் கிடக்கிறதப் பாத்துத்தான் ஓடிவந்தேன். தண்ணி கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"தண்ணி அப்புறம். போனைக் குடுங்க."

வெளியே, முன்கூடத்தில், சதீஸை ஒரு கதிரையில் உட்காரவைத்து மூட்டை தூக்குகிறவர்கள் சுற்றி நின்றார்கள். அவன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனைத் தாண்டி வாசலுக்குப் போய், மகாவலிக் காற்று முகத்தில் படுகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, நிஷாந்தி மதுஷாவுக்குப் போன் எடுத்தாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். சந்தனம், ரேடியோ, கராம்பு மூட்டை, சதீஸ்.

"உங்க வீட்டுக்காரர் சொன்னது உண்மை மதுஷா. அன்னைக்கு ராத்திரி ரேடியோ செத்துத்தான் போயிருக்கு. பொலிஸுக்கும் நான் வந்து சொல்றேன். நீங்க முதல்ல போய் அவருகிட்ட இந்தச் சேதியச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் தையல் மெஷின்களின் சத்தம் மட்டும் கேட்டது.

"மேடம்," என்றாள் மதுஷா கடைசியில், மிகச் சின்னக் குரலில். "நீங்களே சொல்லிடுங்க. நான் போய் 'நீங்க சொன்னது உண்மைதான்'னு சொன்னா, அப்ப இவ்வளவு நாளும் நீ நம்பலையான்னு கேப்பாரு."